பேரனாரின் சவரப் பெட்டி

ஆடவராய்ப் பிறந்த ஒருவர் தம் வாழ்நாளில் எத்துணை நேரத்தைச் சவரக் கண்ணாடியின் முன்னே கழிக்கின்றார் என்று எவரேனும் கணக்குப் பார்த்ததுண்டா? நாளொன்றுக்குப் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய அறுபது மணி நேரம். ஐம்பது ஆண்டுகளில் மூவாயிரம் மணி நேரம். இரவு பகலென்று பாராது கூட்டினால் நான்கு மாதங்களுக்கும் மேலாகும். நான்கு மாத காலத்தை விழுங்கும் ஒரு கருமத்தைப் பற்றி நாலைந்து பந்திகள் எழுதுவதிற் குற்றமில்லை என்றே நாம் எண்ணுகின்றோம்.

தாய்மாரும் சகோதரிகளும் இது தமக்குரியதன்று எனப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். முகமயிரை நீக்கும் கருவியொன்றைப் பற்றித் தொடங்கும் இக்கட்டுரை, ஒரு வீட்டிலே ஒரு பொருள் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய கதையாகவே முடியும்.

ஆசிரியர் அறையில் ஒரு வாதம்

சென்ற தவணையில் ஒருநாள், இடைவேளையின்போது, எமது கல்லூரி ஆசிரியர் அறையில் இப்பேச்சு எழுந்தது. இளம் விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் ஐந்து அலகுகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கப்பட்ட சவரக் கருவியொன்றைப் புதிதாக வாங்கியிருந்தார். அதன் பெருமையை அவர் எடுத்துரைத்த விதம், ஆகாய விமானம் வாங்கியவர் பேசுவது போலிருந்தது. “ஐஞ்சு பிளேட், சேர். ஒரே இழுவையிலை வேலை முடிஞ்சுது” என்றார்.

மூத்த தமிழாசிரியர் தலையசைத்தார். திருவள்ளுவர் கூடாவொழுக்க அதிகாரத்திலே துறவியரின் மயிர் நீக்கலையும் வளர்த்தலையும் பற்றிச் சொல்லியிருப்பதை எமக்கு நினைவூட்டிவிட்டு, “எனக்கு ஒரு கத்தியும் வேண்டாம். கிழமைக்கு இரண்டு தரம் சலூனுக்குப் போறனான், பத்திரிகையையும் வாசிச்சுப்போட்டு வந்திடுவன்” என்றார். விளையாட்டுப் பொறுப்பாசிரியரோ தமது தாடியைத் தடவியவாறு, இவ்வழக்கில் தாம் கட்சிக்காரர் அல்லர் என்று ஒதுங்கிக்கொண்டார்.

அவ்வேளையில் நாம் வாய் திறந்தோம். நாம் நாள்தோறும் பயன்படுத்துவது ஒரேயொரு அலகு. அவ்வலகுக்கும் ஒருபுறத்தில் மட்டுமே கூர். அதனைத் தாங்கும் கருவியோ எம்மைக் காட்டிலும் முப்பது நாற்பது வயது மூத்தது என்று சொன்னோம். அறை ஒரு கணம் அமைதியாயிற்று. பின்னர் எழுந்த சிரிப்பை வருணிக்க வேண்டியதில்லை. “நூதனசாலையிலை வைக்கவேண்டிய சாமானை முகத்திலை வைக்கிறியளே, சேர்!” என்றார் விஞ்ஞான ஆசிரியர். அவருக்கு நாம் அன்று முழுமையாக மறுமொழி கூறவில்லை, மணி அடித்துவிட்டது. அம்மறுமொழியே இக்கட்டுரை.

கத்தி பாதுகாப்புப் பெற்ற கதை

முற்காலத்தில் உலகெங்கும் சவரத்துக்கு மடக்குக் கத்தியே வழங்கியது. அதனைக் கையாள்வது ஒரு வித்தை. கை சற்றே தவறினால் கழுத்துக்கு ஆபத்து. ஆதலால் அதற்கு ஒரு காப்பு அமைக்க வேண்டுமென்ற எண்ணம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பிறந்துவிட்டது. பெரே என்னும் பிரெஞ்சுக் கத்திச் செய்வினைஞர், அலகு தோலினுள் ஆழ இறங்காதபடி மரத்தாலான காப்பொன்றை அமைத்தார். தமக்குத்தாமே சவரஞ் செய்துகொள்ளும் கலையைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1847இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஹென்சன் என்பவர், எமது தோட்டங்களில் வழங்கும் மண்வெட்டியைப் போலப் பிடிக்குக் குறுக்கே அலகு அமைந்த சவரக் கருவிக்கு ஆக்கவுரிமை பெற்றார். நீராவியால் பறக்கும் ஊர்தியொன்றைச் செய்ய முயன்றவரும் இவரே. ஊர்தி பறக்கவில்லை, மண்வெட்டி வடிவம் மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

1880இல் நியூயோர்க் நகரில் கம்ஃபே சகோதரர்கள் அவ்வடிவத்தைத் திருத்தி, ‘பாதுகாப்புச் சவரக்கத்தி’ என்னும் பெயரோடு ஆக்கவுரிமை பெற்றனர். அவர்களுடைய கருவி ‘ஸ்ரார்’ என்ற பெயருடன் விலைப்பட்டது. அதன் அலகு மடக்குக் கத்தியிலிருந்து வெட்டியெடுத்த துண்டு போன்றது, ஆப்பு வடிவானது, தடித்தது, ஒருபுறம் மட்டுமே கூருடையது. அதனை அடிக்கடி தோலிலே தீட்ட வேண்டும். ஒற்றைக் கூர் அலகுக் குடும்பத்தின் மூதாதை இதுவேயாகும்.

அதன் பின்னரே கிங் காம்ப் ஜில்லெற் வந்தார். கூர் மழுங்கினால் தீட்டாது எறிந்துவிடத்தக்க மெல்லிய அலகு என்பது அவருடைய எண்ணம். அவ்வளவு மெல்லிய உருக்கைக் கூராக்க இயலாதென்று பலர் கூற, வில்லியம் நிக்கர்சன் என்னும் பொறிவல்லார் அதற்கு வழி கண்டார். 1903இல், விற்பனை தொடங்கிய முதலாண்டில், ஜில்லெற் விற்றவை 51 கருவிகளும் 168 அலகுகளுமே. மறு ஆண்டில் விற்ற கருவிகள் தொண்ணூறாயிரம் வரையாகும்! 1918இல் அமெரிக்க அரசாங்கம் தன் போர்வீரர்களுக்காக முப்பத்தைந்து இலட்சம் கருவிகளை வாங்கியது. நச்சுவாயுவைத் தடுக்கும் முகமூடி முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டுமாயின் தாடை மழிக்கப்பட்டிருத்தல் நன்று. இவ்வாறு போர்க்களத்திற் சவரம் பழகிய வீரர்கள் வீடு திரும்பியபின் அப்பழக்கத்தை விடவில்லை.

இரட்டைக் கூர் அலகின் வெற்றி இத்துணைப் பெரிதாயினும் ஒற்றைக் கூர் அலகு ஒழிந்துவிடவில்லை. அமெரிக்காவில் ‘ஜெம்’, ‘எவர் றெடி’ முதலிய கருவிகள் அரை நூற்றாண்டுக்கு மேல் வழங்கின. ‘வலற் ஓட்டோஸ்திறப்’ என்னும் கருவியிலோ தோல்வாரைக் கருவியினூடே செலுத்தி முன்னும் பின்னும் இழுத்தால், அலகைக் கழற்றாமலே அது தீட்டப்பட்டுவிடும். 1930இல் அதன் நிறுவனமும் ஜில்லெற்றும் ஒன்றாயின. அவ்வாண்டளவிலேயே ‘ஜெம் மைக்குறோமற்றிக்’ வெளிவந்தது. பிடியின் அடியைத் திருகினால் தலைப்பகுதி திறக்கும். அலகை வைத்து மீண்டும் திருகினால் மூடிக்கொள்ளும். நாம் நாள்தோறும் பயன்படுத்துவது 1940களில் வந்த இவ்வகைக் கருவியே. கனடாவில் வாழும் எமது மாமனார் பழம்பொருட் சந்தையொன்றிற் கண்டெடுத்து எமக்கு அனுப்பியது.

பெட்டி வந்த வழி

ஆயினும் எமது வீட்டின் முதற் கருவி அதுவன்று. எமது பேரனார் 1929இல் மலாயாவுக்குச் சென்று புகைவண்டிப் பகுதியில் எழுதுவினைஞராகக் கடமையாற்றியவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து அங்குச் சென்றோர் எண்ணிறந்தோர். ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியபோது அவர் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்று, ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளமுள்ள நிக்கல் பூசிய பெட்டி. அதன் பெயர் ‘றோல்ஸ் றேசர்’. பெயரைக் கேட்டு மோட்டார் வண்டி நிறுவனத்தாரின் சகோதரப் பொருளென்று எவரும் எண்ணற்க. இவ்விரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

1927 முதல் இங்கிலாந்திலே செய்யப்பட்ட இக்கருவியின் நுட்பம் வியத்தற்குரியது. பெட்டிக்கு இருபுறமும் மூடிகள். ஒரு மூடியின் உட்புறத்திலே சாணைக்கல். மற்றையதன் உட்புறத்திலே தீட்டுத் தோல். நடுவே கிடக்கும் தடித்த அலகைச் சிறு பிடியொன்றினால் முன்னும் பின்னும் தள்ளினால், ஒவ்வொரு முனையிலும் அலகு தானே புரண்டு, மறுபக்கத்தைத் தோலின்மேற் படியவைக்கும். அவ்வாறு புரளுந்தோறும் ‘டக், டக்’ என்னும் ஓசை எழும். தீட்டி முடிந்ததும் அலகை எடுத்துப் பிடியிற் பொருத்திச் சவரஞ் செய்யலாம். நாள்தோறும் தோல், எப்போதாவது கல். புதிய அலகு வாங்க வேண்டியதே இல்லை.

1942 முதல் 1945 வரை யப்பானியர் மலாயாவை ஆண்ட காலத்தில், கடைகளிற் பொருள் அருகியபோதும் இப்பெட்டி தமக்குக் கைகொடுத்ததெனப் பேரனார் சொல்வாராம். சொல்வாராம் என்பது ஏனெனில், அதனை எமக்குச் சொன்னவர் எமது தந்தையார். அவருக்கும் அவ்வாறான காலமொன்று பின்னர் வாய்த்தது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணத்து மக்கள் இலட்சக்கணக்கிற் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எமக்குப் பதினைந்து வயது. காணி உறுதி, அடையாள அட்டை, எமது பாடசாலைச் சான்றிதழ் ஆகியவற்றோடு தந்தையார் அந்தப் பெட்டியையும் பையினுள் வைத்தார். “இது எதுக்கு, ஐயா?” என்று அன்னையார் முன்னிலையிற் சற்று எரிச்சலோடு கேட்டோம். அவர் விடை கூறவில்லை.

விடை கொடிகாமத்திலே கிடைத்தது. நூற்றுக்கணக்கானோர் தங்கியிருந்த பாடசாலையொன்றில், விடியற்காலையில், கிணற்றடியிலிருந்து ‘டக், டக்’ என்னும் ஓசை கேட்கும். தந்தையார் முகம் மழித்து, துவைத்த வேட்டி உடுத்து, நிவாரண வரிசையிலே போய் நிற்பார். பிறர் தாடி வளர்ந்த முகத்தோடு நின்றனர், அதிற் குறையொன்றுமில்லை. ஆனால் வீடிழந்த ஒருவர் தம் முகத்தையேனும் தம் வசத்தில் வைத்திருந்தார் என்பது எமக்கு இப்பொழுது விளங்குகின்றது. அன்று விளங்கவில்லை.

அங்கு ஒருவர் கத்தியை இரவல் கேட்டார். தந்தையார் மறுத்தார். எமக்கு வெட்கமாயிருந்தது. “சவரக்கத்தியும் பல்லுத் தீட்டிற பிறசும் இரவல் குடுக்கக் கூடாது, தம்பி” என்று மட்டுஞ் சொன்னார். கண்ணுக்குப் புலனாகாத குருதித் துளியினூடாக ஈரல் அழற்சி நோய்களான ஹெப்பற்றைற்றிஸ் பியும் சியும் பரவக்கூடும் என்பதை நாம் பின்னரே கற்றோம். மாணவர்களே, விடுதியிலோ சுற்றுலாவிலோ நண்பனின் கருவியை ஒருபோதும் வாங்கற்க. உமதைக் கொடுக்கவும் வேண்டாம்.

தடித்த அலகா, மெல்லிய அலகா?

இனி விஞ்ஞான ஆசிரியரின் வாதத்துக்கு வருவோம். ஜெம் வகை அலகின் தடிப்பு ஏறக்குறைய 0.23 மில்லிமீற்றர், அதன் முதுகில் மடித்த உருக்குப் பட்டியும் உண்டு. வழக்கமான இரட்டைக் கூர் அலகின் தடிப்பு ஏறக்குறைய 0.10 மில்லிமீற்றர். உயர்தர வகுப்பில் பௌதிகம் கற்போர் அறிவர்: தகடொன்றின் வளையாத்தன்மை அதன் தடிப்பின் மும்மடிக்கேற்ப அமையும். 2.3இன் மும்மடி ஏறக்குறைய 12. ஆகவே ஏனையவை சமமாயின், தடித்த அலகு மெல்லியதைவிடப் பன்னிரண்டு மடங்கு விறைப்பானது. முரட்டு மயிரைச் சந்திக்கும்போது அது நடுங்குவதில்லை. ‘நேராய் இறங்கி வேலை செய்கின்றது’ என இதன் அன்பர்கள் கூறுவதற்குக் காரணம் இதுவே.

மறுதரப்பையும் சொல்லுதல் முறை. இரட்டைக் கூர் அலகைக் கருவியானது வளைத்து இறுகப் பிடிப்பதால் அதற்கும் விறைப்பு வந்துவிடுகின்றது. தவிரவும் அதன் கருவித் தலை சிறியது. மூக்கின் கீழும் மேலுதட்டின் ஓரத்திலும் எளிதிற் புகும். ஜெம் கருவியின் தலையோ அகன்றது. மூக்கின் கீழ் அதனைச் செலுத்துவது, ஒழுங்கையிற் பேருந்தைத் திருப்புவது போன்றது. நாம் ஈராண்டு பழகியும் அவ்விடத்தில் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இழுக்கின்றோம்.

ஐந்து அலகுகளின் தத்துவம் யாது? 1971இல் ஜில்லெற் நிறுவனத்தார் இரட்டை அலகுக் கருவியை வெளியிட்டனர், 1998இல் மூன்று, 2006இல் ஐந்து. முதல் அலகு மயிரைச் சற்று இழுக்க, அது உள்ளே மீளுமுன் அடுத்த அலகு இன்னுங் கீழே வெட்டும் என்பது விளக்கம். வழுவழுப்பான முகத்துக்கு இது நன்று. ஆனால் சுருண்ட மயிருடையோர்க்கு, தோலின் மட்டத்துக்குக் கீழே வெட்டுண்ட மயிர் உள்நோக்கி வளர்ந்து சிவந்த பருக்களை உண்டாக்கும். அத்தகையோர்க்கு அலகு குறைந்த கருவியையே சரும மருத்துவர் பரிந்துரைப்பர். எமது கழுத்திற் பல்லாண்டாக இருந்த இத்தொல்லை, ஒற்றை அலகுக்கு மாறிய சில கிழமைகளிலே தணிந்தது. இஃது எமது அனுபவம். எல்லார்க்கும் இவ்வாறே ஆகுமென்று நாம் சாதிக்கவில்லை.

கூர் மழுங்குவது பற்றியும் சுவையானதொரு செய்தி உண்டு. மயிரைவிட உருக்கு ஐம்பது மடங்கு வன்மையானது. அங்ஙனமிருக்க, மென்மையான மயிர் எவ்வாறு உருக்கை மழுங்கச் செய்கின்றது? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து ஆராய்ச்சியாளர் 2020இல் இதற்கு விடை கண்டனர். கூர் மெல்ல மெல்லத் தேய்வது மட்டுமன்று காரணம். மயிர் வளைந்து ஒரு சரிவான கோணத்தில் அலகைத் தாக்கும்போது, உருக்கின் நுண்ணமைப்புச் சீரற்ற இடங்களில் மிகச் சிறிய சில்லுகள் பெயர்ந்துவிடுகின்றன. வளையும் மயிரே வாளை வெல்கின்றது! ஆதலால் மயிரை முன்னரே நீரில் ஊறவைத்து மென்மையாக்குவது தோலுக்குச் சுகமாவதோடு அலகின் பாரத்தையும் குறைக்கும்.

வாழ்நாள் முழுவதும் உழைக்கும் பொருளின் தலைவிதி

ஒருமுறை வாங்கினால் போதும் என்னும் பொருளை விற்பவர் எவ்வாறு பிழைப்பர்? ஜில்லெற் நிறுவனத்துக்கு அக்கவலை இல்லை. அலகு தீரத்தீர வாடிக்கையாளர் திரும்பி வருவார். கருவியை மலிவாகக் கொடுத்து அலகிலே இலாபம் பெறுவதே ஜில்லெற்றின் ஆதித் தந்திரம் என்று பொருளியல் மாணவர் படிப்பதுண்டு. உண்மையோ வேறு. தொடக்கத்தில் அவருடைய கருவியின் விலை ஐந்து டொலர்; அக்காலத்துக்கு அது பெருந்தொகை. 1921இல் ஆக்கவுரிமை முடிவடைந்து பிறரும் செய்யத் தொடங்கிய பின்னரே மலிவான கருவிகள் பெருகின.

றோல்ஸ் றேசர் நிறுவனத்தின் கதை வேறு விதமாயிற்று. எறியத்தக்க அலகுகளும் மின்சாரக் கருவிகளும் சந்தையை நிரப்பிய பின், 1950களின் இறுதியில் அந்நிறுவனம் ஜோன் புளூம் என்பவரின் சலவை இயந்திர வியாபாரத்தோடு இணைந்தது. மலிவு விலையில் வீட்டுக்கு வீடு இயந்திரம் விற்ற அவ்வியாபாரம் மின்னலெனப் பெருகி, 1964இல் நிலைகுலைந்து வீழ்ந்தது. நிறுவனம் போய் அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. அது செய்த அலகு இன்னும் தீட்டினால் கூராகின்றது. இதனைப் படிக்கும் மாணவர், எது வெற்றி என்பதைத் தாமே ஆராய்க.

ஜெம் வகை அலகுகள் இன்றும் உற்பத்தியாகின்றன. எமது ஊர்க் கடைகளில் அவை கிடைப்பதில்லை. வெளிநாட்டு உறவினர் தயவை நாடவேண்டும். பணச் சிக்கனம் மட்டுமே நோக்கமாயின், எங்குங் கிடைக்கும் இரட்டைக் கூர் அலகே சிறந்தது என்று நேர்மையாக ஒப்புக்கொள்கின்றோம்.

பழக விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்

முதலாவது, முகத்தை வெந்நீரால் நனைத்துச் சவர்க்கார நுரையை இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடுக. இரண்டாவது, கோணம். ஜெம் கருவியின் தலையின் தட்டையான பகுதியைக் கன்னத்திலே படிய வைத்தால் கோணம் தானே அமைந்துவிடும். பிடியைத் தாழ்த்தி ஆராய்ச்சி செய்ய வேண்டாம். மூன்றாவது, அழுத்தம் கூடாது. நான்காவது, மயிர் வளரும் திசையிலேயே முதலில் இழுக்க. இழுவை குறுகியதாக இருக்கட்டும். மறுகையால் தோலை மெல்ல இறுக்கிப் பிடிக்க.

பழைய கருவியை வாங்குவோர் அதனை நன்கு கழுவித் தொற்றுநீக்கிய பின்னரே புதிய அலகோடு பயன்படுத்துக. ஆனால் பழைய தூரிகையை வாங்கவே வேண்டாம். முதல் உலகப் போர்க் காலத்தில், முறையாகத் தொற்றுநீக்கப்படாத விலங்கு மயிராற் செய்த சவரத் தூரிகைகளால் அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் பலர் அந்திராக்ஸ் நோய்க்கு ஆளாயினர். இன்று அவ்வாபத்து மிகச் சிறிதே. ஆயினும் புதிய தூரிகை கிடைக்கும்போது பழையதை நாடுவானேன்?

மீசை அரும்பும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மழித்தால் மயிர் தடித்து வளரும் என்னும் நம்பிக்கை எங்கும் உண்டு. 1928இலேயே மில்ட்றெட் திறொற்றர் என்னும் அமெரிக்க உடற்கூற்று அறிஞர் இதனை ஆராய்ந்து, சவரத்தால் மயிரின் தடிப்போ வளர்ச்சி வேகமோ மாறுவதில்லை எனக் கண்டார். வெட்டுண்ட முனை மொட்டையாக இருப்பதாலேயே அது தடித்ததுபோலத் தோன்றுகின்றது. ஆகவே மீசைக்காக அவசரப்பட்டுக் கத்தி எடுப்பதாற் பயனில்லை.

கத்தியை வைக்கும் நேரம்

இதுவரை ஒற்றை அலகின் புகழைப் பாடினோம். இனி அதனை நாமே எமது வீட்டில் ஒருவருக்கு விலக்கிவைத்த கதையைச் சொல்ல வேண்டும்.

எமது தந்தையாருக்கு இப்பொழுது வயது எழுபத்தொன்பது. மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய வலக்கை நடுங்கத் தொடங்கியது. ஒருநாட் காலை கிணற்றடியில் ‘டக், டக்’ ஓசை கேட்டது. பின் நெடுநேரம் வேறொரு சத்தமும் இல்லை. சென்று பார்த்தோம். நுரை பூசிய முகத்தோடு, கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி அவர் நின்றார். நாம் ஒன்றும் பேசாமற் கத்தியை வாங்கினோம். அவரும் ஒன்றும் பேசாமல் நாற்காலியில் அமர்ந்து முகத்தை உயர்த்தினார்.

அன்று முதல் ஒன்றுவிட்ட ஒருநாள் அவருக்கு நாம் சவரஞ் செய்துவந்தோம். பிறர் முகத்தை மழிப்பது தன் முகத்தை மழிப்பது போலன்று. தொடக்கத்தில் அஞ்சி அஞ்சி இழுத்தோம். “அழுத்தாதை, தம்பி. கத்தி தன்ரை பாரத்திலை போகட்டும்” என்பார். முதியோரின் தோல் மெல்லிய காகிதம் போன்றது. மடிப்பை விரித்துப் பிடிக்க வேண்டும். அக்கன்னத்தை எமது சிறுவயதிற்குப் பின் நாம் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அச்சவர நேரத்திலேதான் மலாயாவைப் பற்றியும் பேரனாரைப் பற்றியும் மேலே எழுதிய அனைத்தையும் அவர் சொன்னார். எதிரெதிரே இருந்து அவர் இவ்வளவு பேசியதில்லை.

சென்ற ஆண்டு அவருக்கு நெஞ்சு நோய் கண்டது. குருதி உறையாதிருக்கும்படி மருந்து கொடுத்தனர். வீடு திரும்பிய இரண்டாங் கிழமை, எமது கையால், தாடையின் கீழே சிறு கீறல் ஒன்று விழுந்தது. வேறு காலமாயின் படிகாரத்தைத் தடவி மறந்திருப்போம். அன்றோ குருதி நிற்க அரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை, “இனி மின்சாரக் கருவியையே பயன்படுத்துங்கள்” என்று அமைதியாகச் சொன்னார். குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து உண்போர் யாவருக்கும் இவ்வறிவுரை பொருந்தும். பழமையின்பால் எமக்குள்ள பற்று, ஒருவருடைய உடல் நலத்திலும் பெரிதன்று.

மின்சாரக் கருவியை வாங்கி வந்தோம். தந்தையார் அதன் இரைச்சலைக் கேட்டு முகஞ் சுளித்தார். “வண்டு மாதிரிக் கத்துது” என்றார். ஆயினும் மறுக்கவில்லை. அன்று மாலை பெட்டியைக் கேட்டு வாங்கி, மூடிகளைத் திறந்து, தோலுக்குச் சிறிது எண்ணெய் தடவித் துடைத்தார். பின்னர் எமது மகனை அழைத்தார். அவனுக்கு வயது பதினாறு. மேலுதட்டிற் கருமை படரத் தொடங்கியுள்ளது.

“இது உனக்கு. ஆனா இப்ப இல்லை, முகத்திலை வேலை வரட்டும்” என்றார்.

“அப்பப்பா, இதிலை எப்பிடித் தீட்டிறது?” என்று அவன் கேட்டான்.

தந்தையார் தமது நடுங்கும் கையை அவன் கையின்மேல் வைத்து, பெட்டியின் பிடியை முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். இளங்கை உறுதியாயிருந்ததால் நடுக்கம் தெரியவில்லை. ‘டக், டக்’ என்னும் ஓசை சீராக எழுந்தது.

அலகை நாம் தொற்றுநீக்கிக் கல்லிலே தீட்டித் துடைத்து வைத்துள்ளோம். மகனுக்குக் காலம் வரும்போது அது அவனுக்கு மட்டுமே உரியதாகும். இரவல் இல்லை என்னும் விதியும் அதனோடு சேர்ந்தே செல்லும். தந்தையாருக்கு ஒன்றுவிட்ட ஒருநாள் மின்சாரக் கருவியால் நாமே சவரஞ் செய்கின்றோம். அவரே செய்துகொள்ளலாம், அக்கருவி நடுங்கும் கைக்கும் ஆபத்தற்றது. ஆயினும் காலையில் அவர் நாற்காலியிற் சென்று அமர்ந்து, முகத்தை உயர்த்தி, எம்மை எதிர்பார்த்திருப்பார். நாமும் செல்வோம்.

விஞ்ஞான ஆசிரியருக்கு எமது மறுமொழி இதுவே. ஐந்து அலகானாலும் ஒற்றை அலகானாலும் மின்சாரமானாலும் அவரவர் தோலுக்கும் வயதுக்கும் ஏற்றதே நல்ல கருவி. ஆனால் வாசகர்களுள் எவர் வீட்டிலேனும் முதியவர் ஒருவரின் கை நடுங்குமாயின், ஞாயிற்றுக்கிழமைக் காலையிலேனும் கருவியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் அவர் உங்களுக்குச் சொல்லக் காத்திருக்கும் கதைகள் பல இருக்கும்.